தொட்டில் வைத்த பை

ஜெபக்கனிக்கு முப்பது வயது. அவளிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்த உலகம்மாளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஆனாலும் உலகம்மாள் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள். ஜெபக்கனி உலகம்மாளை அக்கா என்பாள்.

தென்காசியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அறைதான் அவர்களுடைய இடம். கெட்டித் தாளை வெட்டி, மடித்து, ஒட்டி, விசேஷ வீடுகளுக்குப் பரிசுப் பைகளும் வாழ்த்து அட்டைகளும் செய்து கொடுத்தார்கள். உலகம்மாள் அதற்கு முன் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றவள். நின்று நின்று கால் வீங்கிப்போக, உட்கார்ந்து செய்கிற வேலையாகத் தேடி வந்தாள். அவளுக்கு நிறம் தெரியும். கையும் சுத்தம்.

ஜெபக்கனி அதிகம் பேசுகிறவள் இல்லை. உலகம்மாள் செய்த முதல் அட்டையில் ஜிகினாவும் லேசும் காகிதப் பூவும் இண்டு இடுக்கில்லாமல் நிறைந்திருந்தன. நன்றாக இருக்கிறதா என்று கேட்டாள். ஜெபக்கனி ஒரு பேனாவை எடுத்து நீட்டினாள்.

"இதுல உங்க பேரை எழுதுங்க அக்கா."

எழுத இடம் இல்லை. உலகம்மாள் சிரித்துவிட்டாள். அன்றைய பாடம் அவ்வளவுதான்.

ஒரு வருஷத்தில் உலகம்மாளின் கை தேர்ந்துவிட்டது. அப்போதுதான் கோமதியம்மாள் என்று ஒருவர் மருமகளின் வளைகாப்புக்குப் பைகள் கேட்டு வந்தார். வருகிற பெண்களுக்கு வளையலும் குங்குமமும் வைத்துக் கொடுக்கச் சின்னப் பைகள். மருமகளுக்கு மட்டும் பெரிதாக ஒன்று. முதல் பேரப்பிள்ளை, குறை வைக்காமல் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெரிய பையை உலகம்மாள் தானே செய்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். வாய்ப்புறத்தில் நூலைக் கட்டி, மடித்த காகிதத் தொட்டில் ஒன்றை உள்ளே வைத்தாள். பையைத் திறந்தால் தொட்டில் விரிந்து மேலே வரும், தானாக ஆடும். பல தாள்கள் வீணான பிறகுதான் அது ஆடியது. பைக்கு வெளியே ஒரு சின்ன வாழ்த்து அட்டையைத் தொங்கவிட்டாள். அதில் இப்படி எழுதினாள்: 'சீக்கிரம் வா தங்கமே. எல்லாரும் காத்திருக்கோம்.'

வளைகாப்பு நாளில் காலையிலேயே எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அவளே போனாள். வாசலில் வாழை மரம் கட்டவில்லை. சீரியல் லைட்டும் இல்லை. எளிமையாகச் செய்கிறார்கள்போல என்று நினைத்துக்கொண்டாள். செருப்புகள் நிறையக் கிடந்தன. முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் அவளை வா என்று சொல்லவில்லை. வேலை மும்முரம் என்று எண்ணி, பெரிய பையை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

"புள்ளத்தாச்சி எங்க? முதல்ல அவ கையிலதான் கொடுப்பேன்."

சிரித்துக்கொண்டே சொன்னாள். கூடம் முழுக்கப் பெண்கள். ஒருத்தி முகத்திலும் சிரிப்பில்லை. ஒரு கிழவி கண்ணை மூடிக்கொண்டாள். சிலருடைய பார்வை உள்அறைப் பக்கம் போக, உலகம்மாளும் அங்கே பார்த்தாள்.

சுவரில் சாய்ந்து ஒரு பெண் பாயில் உட்கார்ந்திருந்தாள். தலை பின்னவில்லை. வயிற்றின்மேல் ஒரு துண்டைக் கட்டியிருந்தார்கள். அந்த வயிறு வளைகாப்புக்காரியின் வயிறாக இல்லை.

உலகம்மாளுக்கு உடனே விளங்கவில்லை. கண் பார்த்துவிட்டது, மனசு பின்னால் நின்றது. பிறகு விளங்கியது.  

அந்தப் பெண் பையைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். மெல்ல வலது கையைத் தூக்கி நீட்டினாள்.

கோமதியம்மாள் எழுந்து வந்து இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டார். உலகம்மாள் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். யாரோ அவள் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண் அவள். பிள்ளைக்கு அசைவு நின்றுபோனதையும், ஆஸ்பத்திரியில் ஆண் பிள்ளையாக உயிரில்லாமல் பிறந்ததையும், ஆம்பளைகளே கொண்டுபோய் அடக்கம் செய்ததையும் காதோரம் சொன்னாள். நேற்று சாயங்காலம்தான் மருமகள் குழலியை வீட்டுக்குக் கூட்டி வந்தார்களாம். சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் பண்ணியவர்களுக்குப் பை செய்கிறவர்களின் நினைவு வரவில்லை.

ஆட்டோ எப்படித் திரும்பி வந்தது என்று உலகம்மாளுக்குத் தெரியாது. மாடிப்படியைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். ஜெபக்கனி தண்ணீர் கொடுத்தாள்.  நடந்ததை முன்னும் பின்னுமாகச் சொல்லி முடித்தாள். இனி இந்த வேலையே வேண்டாம் என்றாள். பையைக் கிழித்து அடுப்பில் போடப் போகிறேன் என்றாள். பிறகு கேட்டாள்:

"நான் என்ன தப்புப் பண்ணினேன் டீச்சர்?"

ஜெபக்கனி டம்ளரை வாங்கி ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அந்தப் பொண்ணு என்ன செஞ்சா அக்கா?"

"கையை நீட்டினா."

"நீங்க?"

"மறைச்சுக்கிட்டேன்."

ஜெபக்கனி பையைக் கேட்டு வாங்கினாள். இழுபறியில் ஒரு பக்கக் கயிறு பிய்ந்து வந்திருந்தது. அந்த இடத்தில் உள்பக்கமாக ஒரு துண்டுத் தாளை ஒட்டி, காய்ந்ததும் புதிதாகத் துளை போட்டுக் கயிற்றைக் கோத்தாள். முடிச்சை இழுத்துப் பார்த்தாள். அலமாரியில் வைத்தாள்.

"அங்க ஆள் வரத்து நிக்கட்டும். கொண்டுபோய்க் கொடுப்போம்."

உலகம்மாள் அவளையே பார்த்தாள். பைத்தியமா இவள் என்று தோன்றியது. கல் மனசா என்றும் தோன்றியது. ஜெபக்கனி அடுத்த வேலைக்குத் தாள் வெட்ட உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் உலகம்மாள் ஒரு புது அட்டையோடு வந்தாள். அதில் ஒரு வெள்ளைப் பூ மட்டும் இருந்தது.

"கொடுக்கத்தான் வேணும்னா, அந்த வரியையாவது எடுத்துருவோம் டீச்சர். இதை மாட்டுவோம்."

"அந்த வரி யாருக்கு எழுதினது?"

"பிள்ளைக்கு."

"அப்போ எடுக்கணும்னா யாரைக் கேக்கணும்?"

உலகம்மாள் புது அட்டையைத் திரும்பக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

பத்துப் பதினைந்து நாள் போனது. அந்த நாட்களில் உலகம்மாளுக்குச் சோறு பிடிக்கவில்லை. கண்ணை மூடினால் நீட்டிய கை தெரிந்தது. வரமாட்டேன் என்று சொல்லத்தான் அன்று காலை மாடி ஏறினாள். ஜெபக்கனி பையைத் துணியில் சுற்றிக்கொண்டு தயாராக நின்றாள். சொல்ல வந்ததைச் சொல்லாமல் உலகம்மாள் கூடவே இறங்கினாள்.

கோமதியம்மாள்தான் கதவைத் திறந்தார். ஜெபக்கனி துணியைப் பிரித்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"உங்களுக்குப் புத்தின்னு ஒண்ணு இருக்கா?"

தாழ்ந்த குரலில்தான் கேட்டார். மருமகள் கண்ணில் பிள்ளைத்துணி ஒன்றுகூடப் படாமல் பார்த்துக்கொள்கிறோம் என்றார். தைத்து வைத்த சட்டைகளை ஆசிரமத்துக்குக் கொடுத்தாயிற்று, இரவல் வாங்கிய தொட்டிலைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, அந்தப் பேச்சையே இந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை, மகன்கூட வேலைக்குப் போய்விட்டான், இப்போது இதைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறீர்களே என்றார். உலகம்மாளுக்கு அவர் சொன்ன ஒவ்வொன்றும் நியாயமாகவே பட்டது.

ஜெபக்கனி சொன்னாள்: "அன்னைக்கு உங்க மருமக இதைக் கேட்டுக் கை நீட்டியிருக்காங்க. அக்கா கொடுக்காம வந்துட்டாங்க. இப்ப அவங்க வேண்டாம்னு சொன்னா எடுத்துட்டுப் போயிருதோம்."

கோமதியம்மாள் கதவைச் சாத்தப் போனார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"யாரு அத்தை?"

"யாருமில்ல. நீ படு."

ஆனால் குழலி எழுந்து வந்துவிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்து நின்றாள். மருமகள் அறையை விட்டு வெளியே வந்ததைப் பார்த்துக் கோமதியம்மாள் கதவை விட்டு விலகினார்.

குழலி பையை வாங்கினாள். தரையில் உட்கார்ந்து மடியில் வைத்துத் திறந்தாள். தொட்டில் விரிந்து மேலே வந்தது. ஆடியது.

கோமதியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.  இதைச் செய்த என் கையை வெட்டிப் போட்டால் என்ன என்று உலகம்மாள் நினைத்தாள். குழலி அழவில்லை. தொட்டில் ஆடி நிற்கும்வரை பார்த்தாள். பிறகு அட்டையைத் தூக்கிப் பிடித்து, பள்ளிக்கூடப் பிள்ளை எழுத்துக் கூட்டுவதுபோல மெதுவாக வாசித்தாள்.

"சீக்கிரம் வா தங்கமே. எல்லாரும் காத்திருக்கோம்."

வாசித்து முடித்து நிமிர்ந்தாள்.

"இதை எழுதினது யாரு?"

"நான்தாம்மா."

"எப்போ எழுதினீங்க? அவன் இருக்கும்போதா?"

அவன் என்ற சொல்லைக் கேட்டுக் கோமதியம்மாள் அடி வாங்கியதுபோலத் திரும்பினார். அந்த வீட்டில் அதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

உலகம்மாள் ஜெபக்கனியைப் பார்த்தாள். ஜெபக்கனி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடமிருந்து ஒன்றும் வராது என்று தெரிந்தது.

"ஆமாம்மா. அவன் இருக்கும்போதுதான்."

"எல்லாரும் காத்திருந்தீங்களா?"

"மத்தவங்களை எனக்குத் தெரியாது தாயி. நான் காத்திருந்தேன். இந்தத் தொட்டில் ஆடுறதை அவன் பாக்கணும்னு நினைச்சுத்தான் செஞ்சேன்."

குழலி தலையசைத்தாள். கொஞ்ச நேரம் அட்டையை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு மாமியாரிடம் திரும்பினாள்.

"அத்தை, நீங்க?"

கோமதியம்மாள் நின்றபடியே இருந்தார். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அடுத்து அவர் வாயிலிருந்து வந்ததை அந்தக் கூடத்தில் ஒருவரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

"அவனுக்கு உன் மூக்கும்மா."

குழலி அசையவில்லை.

"பாத்தீங்களா?"

"கையில வாங்கினேன். நான்தான் குளிப்பாட்டினேன்."

பிள்ளையைத் தாய்க்குக் காட்ட வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் பெரியவர்கள் முடிவெடுத்தபோது கோமதியம்மாளும் சரி என்றிருக்கிறார். குழலி மயக்கம் தெளிவதற்குள் ஆண்கள் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதன் பிறகு ஆஸ்பத்திரியில் அவள் எத்தனையோ முறை கேட்டும், பிள்ளை முகத்தை யாரும் பார்க்கவில்லை என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். மாமியாரும் அப்படித்தான் சொன்னார்.

குழலியின் முகம் கோணியது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மனுஷச் சத்தம்போல இல்லை அது. உலகம்மாள் பயந்து ஒரு எட்டுப் பின்னால் போனாள். கோமதியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்தார். குழலி அவரை அடிக்கத்தான் கை ஓங்கினாள். ஓங்கிய கை அவர் தோளைப் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள்முதல் வராத அழுகை அப்போது வந்தது.

ரொம்ப நேரம் கழித்து, அழுகைக்கு நடுவில், அவள் சொன்னது கேட்டது.

"இன்னும் சொல்லுங்க அத்தை."

"முடி நிறைய இருந்துச்சு. நெத்தியில வந்து விழுந்துச்சு. நான்தான் ஒதுக்கிவிட்டேன்."

"அப்புறம்?"

ஜெபக்கனி உலகம்மாளின் கையைத் தொட்டாள். இருவரும் சத்தமில்லாமல் வெளியே வந்தார்கள். உள்ளே கோமதியம்மாளின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள். வெயில் ஏறியிருந்தது. ஒரு லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. உலகம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"அவ அதை வாங்கிக்குவான்னு உங்களுக்கு எப்படித் தெரியும் டீச்சர்?"

"தெரியாது."

உலகம்மாள் நடுவழியில் நின்றுவிட்டாள். இத்தனை நாளும் டீச்சருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, அதனால்தான் கூட்டிக்கொண்டு போகிறாள் என்றுதான் அவள் நம்பியிருந்தாள்.

"தெரியாமலா கூட்டிட்டு வந்தீங்க? நம்ம மூஞ்சியில விட்டெறிஞ்சிருந்தா?"

ஜெபக்கனியும் நின்றாள். 

"பொறுக்கிட்டு வந்திருப்போம் அக்கா."