உள்ளே இருக்கும் புள்ளி

“என்ற மகளுக்குப் பொறக்கப்போற பேரப்பிள்ள கிட்ட யார் யார் வரக்கூடாதுன்னு நீங்க ஒரு சீட்டு எழுதித் தரோணும், டாக்டரம்மா. நான் சொன்னா ஊட்டுல ஒருத்தரும் கேக்கறதில்லீங்க.”

செங்கோடன் மூன்று மைல் சைக்கிள் மிதித்து வந்திருந்தார். இன்னும் மூச்சு அடங்கவில்லை.

மங்கை டாக்டர் ஊசி போடுகிறவர் இல்லை. கைக்குழந்தைகளைப் பிடிக்கும் சளிக் காய்ச்சல் எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போகிறது, எதைச் செய்தால் எத்தனை குழந்தை தப்பும் என்று கணக்குப் போடுகிறவர். சுகாதார நிலையத்தின் பின்னறையில் இருப்பார். பதில் கேட்டுப் போகிறவர்களைக் கேள்வி கேட்டே அனுப்பிவிடுவார் என்று ஊரில் பேச்சு.

“யார் வரக்கூடாது, ஐயா?”

“மொதல்ல வேலாத்தா. என்ற சம்பந்தி.”

“ஏனுங்க?”

“மூத்த பேரனுக்குத் தொட்டில் போட்ட அன்னிக்கு இருமிக்கிட்டே தூக்கி முத்தம் கொடுத்தா. அஞ்சாம் நாளு பையன் பால் குடிக்கல. நெஞ்சுக்கூடு உள்ள உள்ள போயிட்டு வருது. ஒம்பது நாளு மூக்குல குழாய். நான் வெளிய நின்னு அவன் மூச்சை எண்ணிக்கிட்டே இருந்தேன்.”

“அன்னிக்கு உங்களுக்குச் சளி இல்லீங்களா?”

செங்கோடன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“நான் வேலை பாக்கற மஞ்ச மண்டியில எல்லாத்துக்கும்தான் இருந்துச்சு.”



“வேலாத்தா மேல வேற கோவம் இருக்குதுங்களா?”

“மக நிச்சயத்தன்னைக்கு என்னைய எலையில உக்கார வெச்சு, எந்திரிக்கச் சொல்லி, அவ அண்ணன உக்கார வெச்சா. ஏழு வருசமா பேச்சில்ல.”

டாக்டர் சாக்பீஸை எடுத்துத் தரையில் குனிந்தார். ஒரு வீட்டுக்கு ஒரு புள்ளி. போக வர இருக்கும் வீடுகளுக்கு நடுவில் ஒரு கோடு. செங்கோடன் வீட்டுப் புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக வைத்தார்.

“பிரசவத்துக்கு மக உங்க வீட்டுக்குத்தானே வர்றாங்க?”

“ஆமாங்க.”

டாக்டர் ஈரத் துணியை அவர் கையில் கொடுத்தார்.

“வேண்டாத கோட்டை அழிங்க.”

செங்கோடன் குத்த வைத்து உட்கார்ந்தார். இந்த வேலை அவருக்குப் பிடித்திருந்தது.

“இவன் எங்க வேலிய அரையடி தள்ளி நட்டவன். இவ என்ற ஆட்டைக் கல்லால அடிச்சவ.”

“இவரு?”

“ஒண்ணும் பண்ணலீங்க. ஆனா பண்ணுவான்.”

வேலாத்தாள் வீட்டுக் கோட்டை இரண்டு முறை துடைத்தார். கடைசியில் அவர் வீட்டுப் புள்ளி மட்டும் தனியாக நின்றது.

“இப்பச் சளி எப்படி வருதுன்னு பாக்கலாம்,” என்றார்.

“நோட்டு கொண்டாந்தீங்களா?” என்று டாக்டர் கேட்டார்.

வீட்டில் இருப்பவர்கள் அன்றாடம் யாரை நேரில் பார்த்தார்கள், எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று எழுத, டாக்டர் வீட்டுக்கொரு நோட்டு கொடுத்திருந்தார். செங்கோடனுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதனால் அவர் மனைவி பாவாயிதான் எழுதினாள். அவர் பிரித்துப் பார்த்ததில்லை.

“நீங்களே வாசிங்க.”

டாக்டர் வாசித்தார். “காலை ஆறரை. பால் சொசைட்டி. வேலாத்தா. கால் மணி நேரம்.”

“எந்த வேலாத்தா?”

“சாயந்தரம் அஞ்சு. பால் சொசைட்டி. வேலாத்தா. அரை மணி நேரம். தட்டைப்பயறு கொடுத்தாள்.”

“நான் தின்ன தட்டப்பயறா?”

டாக்டர் பக்கத்தைப் புரட்டினார். “மறுநாளும் வேலாத்தா. அதுக்கு மறுநாளும்.”

“ஏழு வருசமாவா?”

“நோட்டு கொடுத்து ஒரு மாசந்தானுங்க ஆச்சு.”

டாக்டர் நடுவில் ஒரு புள்ளி வைத்தார். அது பால் சொசைட்டி. கோடு அழித்த வீடுகள் எல்லாம் அங்கேதான் பால் ஊற்றின. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கோடு இழுத்தார். கடைசிக் கோடு செங்கோடன் வீட்டில் வந்து நின்றது.

செங்கோடன் கையிலிருந்த துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“அப்பப் பிள்ளைய எங்கதான் வெக்கறது?”

“இப்ப எங்க இருக்குது?”

“அம்மா வயித்துல.”

டாக்டர் ஒரு வட்டம் போட்டார். அதற்குள் ஒரு புள்ளி. வட்டத்திலிருந்து புள்ளிக்கு ஒரு கோடு.

“இப்பப் பிள்ளைக்குப் போற வழி எத்தனை?”

“ஒண்ணு.”

“எத்தனை நாளைக்கு?”

விரல் கணுக்களைத் தொட்டு எண்ணினார். “ஆறு வாரம்.”

“அம்மாவுக்கு ஊசி போட்டா, அவங்க ஒடம்புல உண்டாகற எதிர்ப்பு இந்த வழியாப் பிள்ளைக்குப் போகும். போய்ச் சேர ரெண்டு வாரமாச்சும் வேணும். பிரசவம் முந்திக்காம இருக்கோணும்.”

“அந்த ஊசியப் பத்தி எனக்குத் தெரியும்.”

“வேண்டாம்னுட்டீங்களா?”

“போடச் சொன்னது வேலாத்தா.”

டாக்டர் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

“போன மாசம் கோயில்ல வெச்சு மககிட்டச் சத்தியம் வாங்கிட்டேன். போட்டுக்க மாட்டேன்னு. கையில அடிச்சுக் கொடுத்திருக்கறா.”

வெளியே பெஞ்சில் யாரோ ஒருத்தியின் கைக்குழந்தை இருமியது. இருமி முடித்ததும் ஒரு விசில் சத்தம். செங்கோடன் கதவுப் பக்கம் திரும்பினார். அவர் உதடு தானாக எண்ணத் தொடங்கியது.

“அது யாரு பிள்ளைங்க?”

“தெரியாதுங்க.”

“ஊசி போட்டா வரவே வராதுன்னு எழுதித் தருவீங்களா?”

“மாட்டேன்.”

“அப்பறம் என்னங்க கணக்குப் போடறீங்க?”

“நூறு தாய்க்குப் போட்டா எத்தனை பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போகாம தப்பிக்கும்னு சொல்லுவேன். உங்க பிள்ளை அதுல ஒண்ணாங்கறது என் கணக்குல வராது.”

வெளியே மறுபடியும் விசில் சத்தம்.

“ஊசி என்னைக்கு?”

“புதன்கிழமை. நாளான்னைக்கு.”

செங்கோடன் எழுந்தார். மறுபடியும் உட்கார்ந்தார்.

“போன்ல சொன்னா மக கேக்க மாட்டாளுங்க. கையில அடிச்சு வாங்கின சத்தியம். கையிலதான் திருப்பிக் கொடுக்கோணும்.”

“கொடுங்க.”

“அவ இருக்கறது வேலாத்தா ஊட்டுல. அந்தப் படிய நான் மிதிச்சதே இல்ல. திடுதிப்புன்னு எப்படிப் போய் நிக்கறது? நான் வர்றேன்னு முன்னாடி போய்ச் சொல்றதுக்காச்சும் ஒரு ஆளு வேண்டாமா?”

மங்கை டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“நாலேமுக்கால் ஆச்சுங்க,” என்றார். “பால் சொசைட்டி தொறந்திருப்பாங்க. உங்க வீட்டம்மா கெளம்பியிருப்பாங்க.”