திண்டுக்கல்லுக்கு வழி தெரியாத புறாக்கள்

கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார் அர்த்தநாரி. இருபத்திரண்டு வருஷம் நன்றாகவே ஓடியது. பிறகு ஆறு பஸ்ஸுக்கு ஆர்டர் கொடுத்த ஒரு கம்பெனி, பாடி கட்டி முடித்ததும் கையை விரித்துவிட்டது. மரக்கடைக்காரர், தகரக்கடைக்காரர், எட்டு மாதமாகப் பாதிச் சம்பளம் வாங்கிய ஆட்கள் என்று எல்லோரும் சுற்றி நின்றார்கள். அர்த்தநாரிக்கு ஓட இடமில்லை. மஞ்சள் கடுதாசி கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தார். இருப்பதையெல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள், இதற்குமேல் என்னால் ஆகாது என்று கோர்ட்டில் எழுதிக் கொடுப்பதற்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பேர்.

வக்கீல் ஒரு படிவத்தைக் கொடுத்தார். உடுத்தும் துணி, சோறாக்கும் பாத்திரம், கைத்தொழில் கருவி தவிர, பெயரில் இருக்கும் சகலத்தையும் எழுத வேண்டும். ஒன்றை மறைத்தாலும் கடைசியில் கடனிலிருந்து விடுதலை கிடைக்காது என்றார்.

அர்த்தநாரி வெல்டிங் எந்திரத்தை எழுதினார். கம்பி வளைக்கும் எந்திரத்தை எழுதினார். பழைய மொபெட்டை எழுதினார். வீடு அவர் மனைவி சம்பூரணத்துக்கு அவள் அம்மா எழுதி வைத்தது. அது பட்டியலில் வராது. ஆனால் வீட்டின் மொட்டைமாடி வரைக்கும் வந்ததும் பேனா நின்றுவிட்டது.

மாடியில் அறுபத்து நான்கு ஹோமர் புறாக்கள் இருந்தன, எங்கே கொண்டுபோய் விட்டாலும் வீடு திரும்பும் பந்தயப் புறாக்கள்.

தொழிலுக்கு வெளியே அவருக்கு இருந்த ஒரே பித்து அதுதான். ஒவ்வொன்றின் காலிலும் எண் பொறித்த வளையம். ஒவ்வொன்றின் பாட்டன் பாட்டி வரைக்கும் நோட்டில் குறிப்பு. ஓங்கோலிலும் விஜயவாடாவிலும் திறந்துவிடச் சொல்லி அனுப்பிவிட்டு, மாடியில் நின்று வடக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டே சோறு தண்ணி மறந்து கிடப்பார். வடக்கே ஒரு புள்ளி தெரிந்துவிட்டால் போதும், ஐம்பத்து நாலு வயது மனிதர் மாடியில் குதிப்பார்.

மறுநாள் காலையில் ஒரு மூங்கில் கூடையைச் சுமந்துகொண்டு ஆவுடையம்மையைப் பார்க்கப் போனார்.

அம்மை ஊருக்கு வெளியே அமராவதிக் கரையில் ஓர் ஓட்டு வீட்டில் இருந்தார். முன்பு தபால் ஆபீஸில் வேலை பார்த்தவர். வயது நாற்பத்தொன்று. அர்த்தநாரியைவிடப் பதின்மூன்று வருஷம் இளையவர். அவரைக் குருவாக ஏற்றுக்கொண்டதில் அர்த்தநாரிக்கு எந்தக் கூச்சமும் இல்லை. அம்மை உபதேசம் செய்வதில்லை. யார் வந்தாலும் ஒரு வேலையைக் கொடுப்பார். கேட்டதற்குப் பதில் சொல்வார்.

அன்று அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"கூடையில என்னங்க?"

"நாலு ஜோடிம்மா. இருக்கறதுலயே நல்லதுக. மீதி எல்லாத்தையும் எழுதிக் கொடுத்துடறேன். இது மட்டும் இங்க இருக்கட்டும். பறவைதானே, யாரு கேக்கப் போறாங்க?"

"இங்க இருக்குமா?"

"கூடையைத் திறக்காத வரைக்கும் இருக்கும்."

"திறந்தா?"

"நேரா எங்க மாடிதான்."

அம்மை முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். கூடையின் மூடியை எடுத்தார்.

எட்டும் படபடவென்று கிளம்பின. வேப்பமரத்துக்கு மேலே ஒரு வட்டம் போட்டன. பிறகு ஊர்ப் பக்கம் திரும்பி மறைந்தன.

"போய் எண்ணிப் பாருங்க" என்றார் அம்மை. முறத்தை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்.

அர்த்தநாரிக்குக் கோபம் கோபமாக வந்தது. வழி நெடுக மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே நடந்தார். வீட்டுக்கு வந்து மாடி ஏறினால், எட்டும் கைப்பிடிச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தன. எங்கே போய்விட்டு இவ்வளவு தாமதமாக வருகிறாய் என்பதுபோல் ஒன்று அவரைப் பார்த்தது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படிவத்தை எடுத்து, 'ஹோமர் புறா, அறுபத்து நான்கு' என்று எழுதினார்.

சொத்துகளைப் பொறுப்பெடுத்து விற்கக் கோர்ட் நியமித்த ரிசீவரின் ஆபீஸில் அந்த வரியைப் படித்த குமாஸ்தாவுக்குக் குழப்பம். அசையும் சொத்து என்று ஒரு பத்தி இருந்தது, அசையாச் சொத்து என்று ஒரு பத்தி இருந்தது. பறக்கும் சொத்துக்குப் பத்தி இல்லை. கடைசியில் அசையும் சொத்தில் சேர்த்தார். ரிசீவர் நேரில் வந்து மாடி ஏறிப் பார்த்தார். எந்திரங்களுக்குச் சீல் வைத்துவிடலாம். புறாவுக்கு எப்படி வைப்பது? ஏலம் முடியும் வரை தீனியும் தண்ணீரும் கொடுத்துப் பராமரிப்பது அர்த்தநாரியின் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

சம்பூரணம் தையல் தைத்துச் சேர்த்த காசில் கம்பும் பச்சைப்பயறும் வாங்கி வந்தாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அம்மையிடம் போய் முறையிட்டார்.

"என்னுது இல்லைன்னு ஆனதுக்கு நான் தீனி போட்டுக்கிட்டு இருக்கேன்மா. கிண்ணத்தை எடுக்கவே மனசு வரலை."

"போன மாசம் உங்களுதுன்னு அதுகளுக்குத் தெரியுமா?"

அர்த்தநாரி யோசித்தார். "தெரியாதும்மா."

"இப்ப இல்லைன்னு?"

"அதுவும் தெரியாது."

"அப்ப நேரத்துக்குப் போடுங்க."

ஏலத்தன்று நல்ல கூட்டம். பெரும்பாலும் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். திண்டுக்கல்லில் இருந்து லியாகத் அலி என்பவர் வந்திருந்தார். இரும்புச் சாமான் வியாபாரி, அவரும் புறாப் பைத்தியம். அர்த்தநாரி தயங்கித் தயங்கி அந்தக் குறிப்பு நோட்டையும் ரிசீவர் மேஜையில் வைத்தார். லியாகத் அலி நோட்டைப் புரட்டினார். பாதிப் பக்கத்திலேயே மூடிவிட்டு, அறுபத்து நான்கையும் மொத்தமாகக் கேட்டார். கம்பி வளைக்கும் எந்திரத்தைவிடப் புறாக்கள் கூடுதலாகப் போயின. ஆட்களின் பாக்கிச் சம்பளம் முதலில் அதிலிருந்துதான் தீர்ந்தது. வேன் கிளம்பிய பிறகு அர்த்தநாரி மாடிக்குப் போகவே இல்லை. சம்பூரணம்தான் போய்க் கூண்டைக் கழுவிவிட்டு வந்தாள்.

ஐந்து வாரம் கழித்து, ஒரு நாள் மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் காதில் மாடியில் இருந்து சிறகுச் சத்தம் விழுந்தது. எச்சில் கையோடு ஓடினார்.

பத்தொன்பது புறாக்கள்.

லியாகத் அலி, பழகிவிட்டன என்று நம்பி அன்றுதான் ஒரு கூண்டை மட்டும் திறந்துவிட்டிருக்கிறார். ஹோமர் புறா பிறந்த கூட்டை மறக்காது. எழுபது கிலோமீட்டர் அதற்கு ஒரு தூரமே இல்லை.

அர்த்தநாரி கூண்டு நடுவில் உட்கார்ந்துவிட்டார். தோளில் ஒன்று ஏறியது. தெருவில் போனவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். தானாக வந்ததை வைத்துக்கொள்வது திருட்டில்லை என்று எதிர்வீட்டுக்காரர் கீழிருந்தே தீர்ப்புச் சொன்னார். ரிசீவர் ஆபீஸுக்கு போன் செய்தால், விற்ற பொருளுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்று வைத்துவிட்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் அமராவதிக் கரையில் நின்றார்.

"நான் கூப்பிடலைம்மா. அதுகளா வந்துச்சு. கோர்ட்டு எடுத்ததைக் கடவுளே திருப்பிக் கொடுத்த மாதிரி இருக்கு. வெச்சுக்கலாமா?"

"தீனி தின்னுச்சா?"

"தின்னுச்சும்மா."

"தண்ணி குடிச்சுதா?"

"குடிச்சுது."

"பறந்து வந்த அலுப்பு தீந்துச்சா?"

"தீந்துச்சும்மா."

"அப்ப கிளம்பலாமே" என்றார் அம்மை.

அன்றைக்கே இரண்டு கூடைகளில் பத்தொன்பதையும் ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் பஸ் ஏறினார். லியாகத் அலி வாசலில் அவரைப் பார்த்ததும் ஓடி வந்து கூடைகளை வாங்கிக்கொண்டார். போனதெல்லாம் போனதுதான் என்று அவர் தலைமுழுகியிருந்தார்.

அதோடு முடியவில்லை. பறக்கப் பிறந்ததை அடைத்துப் போட லியாகத் அலிக்கு மனம் வரவில்லை. அடைத்து வைத்தால் கண்ணு மங்கிப் போகுது பாய் என்று மற்றவர்களிடம் சொல்லிச் சொல்லி, சில நாளுக்கு ஒருமுறை சிலதைத் திறந்துவிடுவார். திறந்ததும் இரண்டு, மூன்று, ஐந்து என்று கரூருக்கு வந்துவிடும். அர்த்தநாரி தீனி வைப்பார், தண்ணீர் வைப்பார், கூடையை எடுப்பார். பதினேழாவது தடவை போனபோது, வருகிற வியாழக்கிழமை எனக்குக் கோர்ட்டு இருக்கிறது, அன்று மட்டும் கதவைத் திறந்துவிடாதீர்கள், கொண்டுவர ஆள் இருக்காது என்று கேட்டுக்கொண்டார்.

அந்த வியாழக்கிழமைதான் அவருக்கு விடுதலை உத்தரவு வர வேண்டிய நாள். ஆனால் மரக்கடை நல்லமுத்து ஆட்சேபம் போட்டிருந்தார். அதிகமாகக் கொடுத்து ஏமாந்தவர் அவர்தான். அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. ஏலம் போனதாகச் சொன்ன புறாக்கள் இன்னும் அர்த்தநாரி மாடியில் உட்கார்ந்திருக்கின்றன, சொத்தை மறைக்கிறார், விடுவிக்கக் கூடாது என்று சொல்லி, போனில் எடுத்த படங்களையும் நீட்டினார். நாலு வெவ்வேறு தேதிகள். எல்லாவற்றிலும் புறாக்கள். ஒன்றில் அர்த்தநாரியே தீனி போட்டுக்கொண்டிருந்தார்.

ஜட்ஜ் நிமிர்ந்தார். "இது உங்க வீடுதானே?"

"ஆமாங்க."

"புறா வந்ததா?"

"வந்துச்சுங்க. கொண்டுபோய்க் கொடுத்துட்டேனுங்க."

"கொடுத்ததுக்கு ரசீது?"

"ரசீது எதுவும் வாங்கலைங்க."

அர்த்தநாரியின் வக்கீல் தலை குனிந்துகொண்டார். சம்பூரணம் முந்தானையை இறுகப் பிடித்தாள். அர்த்தநாரி ஒன்றை மட்டும் கவனித்தார். பயம் வரும் என்று காத்துக்கொண்டிருந்தார், வரவில்லை.

பின்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார். யாரும் அவரை அழைக்கவில்லை. வியாழக்கிழமை என்று கேட்ட ஒரு வார்த்தைக்காகத் தானே பஸ் ஏறி வந்திருந்தார் லியாகத் அலி. அனுமதி கேட்டுச் சாட்சிக் கூண்டில் ஏறினார்.

"அறுபத்து நாலும் இன்னிக்குக் காலையில என் வீட்டுல இருக்கு. எண்ணிட்டுத்தான் வந்தேன். பதினேழு தடவை இவர் வீட்டுக்குப் பறந்து போச்சு, வாஸ்தவம். பதினேழு தடவையும் மறுநாளே என்கிட்ட வந்து சேர்ந்துச்சு."

"அதுவும் பறந்துதானா?" என்று கேட்டார் நல்லமுத்துவின் வக்கீல்.

"இல்லைங்க ஐயா. புறாவுக்குக் கரூருக்குத்தான் வழி தெரியும். திண்டுக்கல்லுக்கு வழி தெரிஞ்சவர் இவர் ஒருத்தர்தான்."

நல்லமுத்து தன் வக்கீலின் காதில் ஏதோ சொன்னார். ஆட்சேபம் வாபஸ் ஆனது. உத்தரவு அப்போதே ஆனது.

வராந்தாவில் நல்லமுத்து வந்து எதிரே நின்றார். மாடியில் இருந்ததைத்தான் பார்த்தேன், பஸ்ஸில் ஏற்றியதைப் பார்க்கவில்லை என்றார். முப்பது வருஷத்தில் கையெழுத்து வாங்காமல் ஒரு மரச்சட்டம்கூடக் கடைக்கு வெளியே விடாத மனிதர் அவர். போகத் திரும்பியவர் நின்று, "மறுபடி பட்டறை போட்டீங்கன்னா மரம் என்கிட்டதான் எடுக்கணும். எழுத்தெல்லாம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சம்பூரணத்தை வீட்டில் விட்டுவிட்டு, அர்த்தநாரி நேரே ஆற்றங்கரைக்கு நடந்தார். அம்மை கஞ்சி ஊற்றிக் கொடுத்தார். குடித்துக்கொண்டே நடந்ததையெல்லாம் சொன்னார். சொல்லி முடித்த பிறகும் எழுந்து போகவில்லை.

"ஒரு கேள்விம்மா."

"கேளுங்க."

"பட்டறை போச்சு. புறா போச்சு. மஞ்சக் கடுதாசி கொடுத்தவன்னு பேரும் வந்துருச்சு. ஆனா கோர்ட்டுல இருந்து இறங்கி நடந்தப்ப, ஊரையே ஜெயிச்ச மாதிரி இருந்துச்சு. இத்தனை வருஷத்துல ஒரு நாளும் அப்படி நடந்ததில்லை. கையில ஒண்ணுமே இல்லாதவனுக்கு அது எங்கிருந்தும்மா வந்துச்சு?"

அம்மை அவர் கையில் இருந்து கிண்ணத்தை வாங்கிக் கழுவிக் கவிழ்த்தார்.

"திண்டுக்கல் போறப்ப கூடைக்கு டிக்கெட் போட்டாங்களா?"

"போட்டாங்கம்மா. ஒவ்வொரு தடவையும்."

"திரும்பறப்ப?"

"காலிக் கூடைக்கு யாரும்மா டிக்கெட் போடுவாங்க? மடியில வெச்சுக்கிட்டு, ஜன்னலோரமா உக்காந்து, நான் பாட்டுக்குக் காத்து வாங்கிக்கிட்டு வருவேன்."

"கோர்ட்டுல இருந்து இறங்கினப்ப அடிச்சதும் அதே காத்துதாங்க" என்றார் அம்மை.