ஓட்டெடுப்பில் நிறைவேறிய இரகசிய எண்

குமிழங்குளம் ஓட்டுத் தொழிற்சாலையில் நடந்த அநீதிகளை நடந்த வரிசையிலேயே சொல்ல வேண்டும். முதலாவது, சூளையருகே இருந்த தண்ணீர்ப் பானையை மானேஜர் பத்மநாபன் தூக்கிக்கொண்டு போனார். இரண்டாவது, அதைத் தம் அறைக்குள் வைத்துக்கொண்டார். மூன்றாவது, அங்கே போய்த் தண்ணீர் குடித்தவர்களெல்லாம் வேலை நேரத்தில் ஊர் சுற்றியதாக எழுதினார். நான்காவது, சங்கம் கொடுத்த கண்டன மனுவைப் பானைக்கு மூடியாகப் போட்டார். இந்த வரிசை மாறக்கூடாது. நான்காவதை முதலில் சொன்னால், மூடி இருக்கட்டும், பானை ஏது என்று கேட்பீர்கள்.

ஐந்தாவது அநீதிக்கு மானேஜர் தயாராவதற்குள் மரகதம் முந்திக்கொண்டாள். சூளையில் வேகாத பச்சை ஓடு சுமப்பவள். அவள் வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான். யாருக்கும் தெரியாமல் தொழிலாளர் அதிகாரிக்கு ஒரு மனு எழுதிப் போட்டாள்.

"எழுதினது யாருன்னு மட்டும் தெரியட்டும், அந்த நிமிஷமே கேட்டுக்கு வெளியே!" என்று மானேஜர் கத்தினார். பெயர் இல்லாத மனுவை ஏற்க முடியாது என்று அதிகாரியின் அலுவலகம் அதைத் தொழிற்சாலைக்கே திருப்பி அனுப்பியிருந்தது.

பெயர் இருக்க வேண்டும், தெரியக்கூடாது. மரகதம் சங்கத்தின் செயற்குழுவிடம் ஓடினாள். அப்படி ஒரு செயற்குழு உழைக்கும் வர்க்கத்துக்கு இனி வாய்க்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

தலைவர் சூசைமாணிக்கம் சங்கேத எழுத்தைப் பற்றிய துண்டுப்பிரசுரம் ஒன்றைப் படித்தவர். முதல் பக்கம் வரை.

"தோழர்களே, பெயருல இருக்கிற ஒவ்வொரு எழுத்தையும் க, ங, ச வரிசையில சில இடம் தள்ளி வைக்கணும். 'ன'வைத் தாண்டினா மறுபடி 'க'. எத்தனை இடம் தள்ளணும்கிறது தற்செயலா வரணும். அப்பதான் எதிரியால கண்டுபிடிக்க முடியாது."

மரகதத்துக்கு ஐந்து எழுத்து. ஆகவே ஐந்து எண் வேண்டும். உடைந்த ஓட்டுத் துண்டுகளில் ஒன்று முதல் ஒன்பது வரை எழுதி ஒரு வாளியில் போட்டார்கள். பொருளாளர் இருளாண்டி கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். ஏழு. துண்டை உள்ளே போட்டுக் குலுக்கி மறுபடி எடுத்தார். ஏழு. மறுபடியும் ஏழு.

செயலாளர் கொம்பையா துள்ளி எழுந்தார். "நிறுத்துங்க! இது தற்செயல் இல்ல, சதி. வாளிக்குள்ள மானேஜர் கை இருக்கு."

வாளியைக் கவிழ்த்துத் தேடினார்கள். கை அகப்படவில்லை. மறுபடி எடுத்தபோது ஒன்று, இரண்டு, மூன்று என்று வந்தது.

"இப்ப வரிசையா வருது அண்ணே. யாரோ சொல்லிக்கொடுத்திருக்கான்" என்றார் இருளாண்டி.

"தற்செயல்னா அது தற்செயல் மாதிரி தெரிய வேண்டாமா?" என்று தலைவர் வருந்தினார். "கேள்வி கேட்பாரில்லாம விட்டதாலதான் அது இப்படி ஆடுது. நம்ம சங்கத்துல எது நடந்தாலும் தீர்மானமாத்தான் நடக்கும். தற்செயலையும் ஓட்டுக்கு விடுவோம்."

விவாதம் சூடாக நடந்தது. இரண்டு நான்கை விடத் தற்செயலானதா என்பதில் கருத்து வேறுபாடு எழுந்தது, இரண்டுமே சேர்க்கப்பட்டன. ஒன்பதை மானேஜரின் வீட்டு எண் என்பதற்காகத் தோற்கடித்தார்கள். கடைசியில் ஆறு, எட்டு, இரண்டு, ஐந்து, நான்கு ஆகியவை முன்மொழியப்பட்டு, வழிமொழியப்பட்டு, ஒருமனதாகத் தற்செயல் ஆயின. மரகதம் 'ளஙசரவ்' ஆனாள். அந்தக் கையெழுத்தோடு மனு மறுபடி போயிற்று.

நிறைவேறிய தீர்மானத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும் என்பது சங்க விதி. ஒட்டினார்கள்: 'நமது இரகசிய எண் 6, 8, 2, 5, 4. உறுப்பினர்கள் இதை இரகசியமாகப் படிக்கவும்.'

மானேஜரும் படித்தார். அதிகாரி விளக்கம் கேட்டு அனுப்பிய மனுவின் நகல் அவர் கையில் இருந்தது. ஆனால் அவர் கல்லூரி போனவர். "உண்மையான எண்ணை எவனாவது பலகையில ஒட்டுவானா? இது நமக்கு வச்ச பொறி" என்று, அந்த எண்களை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தார். ஒரு வாரம் தொழிற்சாலைப் பக்கமே வரவில்லை. அவர் மைத்துனர் பெயர் போல ஒன்று வந்தது. மைத்துனரை வேலையைவிட்டு நிறுத்தினார்.

விசாரணை நாள் வந்தது. சூளை முற்றத்தில் மேசை போட்டு அதிகாரி உட்கார்ந்தார். அருகில் மானேஜர். எதிரே தொழிலாளர்கள்.

"யாருய்யா இந்த ளஙசரவ்? உண்மைப் பெயரைச் சொல்லுங்க. இல்லன்னா மனு தள்ளுபடி."

"இதோ அவிழ்க்கிறோம் ஐயா" என்று செயற்குழு பெருமையோடு முன்னே வந்தது. மானேஜர் இருக்கும் இடத்தில் அவிழ்க்கலாமா என்று அவர்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. மரகதத்தின் முகம் பச்சை ஓடு போல வெளுத்துவிட்டது.

இருளாண்டி விரலை நீட்டினார். "முதல் எழுத்து 'ள'. பின்னாடி ஆறு இடம்..."

"என்னது?" தலைவர் அவர் கையைத் தட்டிவிட்டார். "பின்னாடியா? மானேஜர் முன்னாடி நின்னுக்கிட்டு நம்ம சங்கம் பின்னாடி போறதா?"

"பின்னாடி எண்ணினாத்தானே அண்ணே பெயர் வரும்?"

"எது வந்தாலும் வரட்டும். இந்தச் சங்கம் பின்வாங்காது. முன்னேறு!"

கூட்டம் கைதட்டியது. இருளாண்டி அதே எண்களால் முன்னோக்கியே எண்ணி, கிடைத்ததைத் தாளில் எழுதி அதிகாரியிடம் நீட்டினார். மானேஜர் எட்டிப் பார்த்தார். அவர் கண் மின்னியது.

"அகப்பட்டான்! இந்த ஆளை இப்பவே வேலையைவிட்டு நீக்குறேன்!" அங்கேயே உத்தரவு எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

அதிகாரி நிமிர்ந்தார். "விசாரணை நடக்கும்போது மனு கொடுத்தவரை நீக்குறது சட்டவிரோதம், சார்."

மானேஜர் ஆள் பட்டியலைப் புரட்டினார். வியர்த்தார். "சார், அப்படி ஒரு ஆளே இங்க கிடையாது."

"இல்லாத ஆளை எப்படி நீக்கினீங்க? உடனே திரும்பச் சேருங்க. பானையும் சூளைக்குத் திரும்பணும்."

பானை அந்த நொடியே வெளியே வந்தது. மரகதம் முதல் ஆளாக ஒரு சொம்பு மொண்டு குடித்தாள். அத்தோடு போயிருக்கலாம். செயற்குழு விடவில்லை.

"சேர்க்கிற உத்தரவைச் சாட்சிகள் முன்னால உரக்க வாசிக்கணும்!" என்றார் கொம்பையா. "அந்தத் தோழர் காதுல விழணும்!"

"எத்தனை நாள் தாகத்தோட வேலை பார்த்தாரோ மனுஷன். நாம அவரைக் கவனிக்கவே இல்லையே" என்று இருளாண்டி துண்டால் கண்ணைத் துடைத்தார்.

சாட்சிகளாகக் கொம்பையாவும் மரகதமும் நின்றார்கள். தலைவர் மாலையோடு தயாரானார். அந்தத் தோழர் நடந்து வருவதற்காகக் கூட்டம் இரண்டாக விலகி வழிவிட்டது. மானேஜர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசித்தார்:

"ஞமடறன்!"