நனையாத சீட்டு

கண்ணாடி ஸ்லைடுகளை ஒவ்வொன்றாகச் சோப்புத் தண்ணீரில் விட்டு எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒளி ஆய்வுக்கூடத்தில் எனக்கு அதுதான் வேலை.

முதுகுக்குப் பின்னால் இருதயராஜ் சார் பேசுவது கேட்டது. ஐம்பது வயதுக்காரர். காலேஜில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர், லீவு போட்டுவிட்டு மெகருன்னிசா மேடத்திடம் ஆராய்ச்சி படிக்க வந்தார். மேடம் அவரைவிடப் பத்து வயது இளையவர்.

"நான் ஊருக்கே போயிடுறேன் மேடம்."

"ஏன் சார்?"

"திங்கக்கிழமை நான் பார்த்தது பொய்."

மூன்று மாதமாகக் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி மணிகள் செய்து, மேலே ஒரு பூச்சுப் பூசி, ஸ்லைடில் ஒட்டியிருந்தார். வெளிச்சத்துக்கும் அலை உண்டாம். அந்த அலையின் நீளத்தில் பாதியைவிடச் சின்னப் புள்ளியாக அதை எந்த லென்ஸும் குவிக்காதாம். என் மணி குவிக்கும் பார் என்பார். திங்கட்கிழமை குவித்தது. சத்தம் போட்டுச் சிரித்தார், எனக்கும் ஒரு மிட்டாய் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை குவிக்கவில்லை.

"மணி அப்படியே இருக்கு. புள்ளிதான் இல்ல. அப்போ முதல்ல பார்த்ததே கண் மயக்கம்தானே?"

"யாராவது தொட்டிருப்பாங்களோ?"

"ஸ்லைடு ஓரத்துல சீட்டு ஒட்டியிருக்கேன் மேடம், இங்கிலீஷ்ல. படிக்கத் தெரிஞ்ச யாரும் தொட மாட்டாங்க." நாற்காலியில் இருந்தபடியே என் பக்கம் குரல் கொடுத்தார். "ஏம்மா தவமணி, நீ எதுவும் தொட்டியா?"

"இல்ல சார்."

திங்கட்கிழமை சாயங்காலம் சாரோட ஸ்லைடில் தண்ணீர்க் கறை மாதிரி வெள்ளையாக ஒரு வளையம் இருந்தது. கழுவினேன். சார் ஒட்டிய சீட்டு நனையக் கூடாதே என்று அந்த ஓரத்தை மட்டும் விரலால் பொத்திக்கொண்டு கழுவினேன். எட்டாவது பாஸ் என்று சொல்லி வேலைக்குச் சேர்ந்தவள் நான். படித்தது அஞ்சாவது.

தலையை நிமிர்த்தவில்லை.

மேடம் அந்தச் சீட்டின் மேல் வேறொரு ஸ்லைடை வைத்து, அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். எழுத்து பெரிதானது. நானும் ஓரக்கண்ணால் பார்த்தேன். பெரிதானாலும் எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

மேடம் ஸ்லைடை மேலே தூக்கினார். எழுத்து கலங்கிப் போனது.

"எங்கே சார் போச்சு?"

"எங்கேயும் போகல. சொட்டுதான் தள்ளி வந்துடுச்சு."

"உங்க மணியை ஏன் பார்க்குற பொருளை ஒட்டியே வைக்கிறீங்க?"

"அவ்வளவு சின்னதோட வெளிச்சம் தூரம் வராதே மேடம். பக்கத்துலயே அடங்கிடும்."

"ம்."

மேடம் எழுந்து தொட்டிக்கு வந்தார். என் பக்கத்தில் நின்று ஒரு ஸ்லைடை எடுத்துக் கழுவினார். எதுவும் கேட்கவில்லை. எங்கள் முழங்கை இடித்தது. இரண்டு ஸ்லைடு ஆனது. மூன்று ஆனது.

"மேடம்." என் குரல் எனக்கே கேட்கவில்லை. "அந்தச் சீட்டுல என்ன எழுதியிருக்கு?"

"கழுவக் கூடாதுன்னு." அவரும் மெதுவாகத்தான் சொன்னார். கை நிற்கவில்லை.

"சோப்புப் போட்டுட்டேன் மேடம்."

அவர் திரும்பினார். "சார், ஊருக்குப் போக வேண்டாம். நீங்க பார்த்தது நிஜம். சோப்புல பூச்சு போயிருக்கு."

சார் எழுந்துவிட்டார். "நான்தான் வாய்விட்டுக் கேட்டேனே மேடம்! தவமணி எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க அங்கேருந்தே கேட்டீங்க சார்."

சார் வந்து தொட்டியின் அந்தப் பக்கம் நின்றார். சட்டைக் கையை மடித்துவிட்டு ஒரு ஸ்லைடை எடுத்தார். எப்படிப் பிடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. ஓரத்தில் பிடிக்கணும் என்று காட்டினேன்.

வாசலில் பிள்ளைக் காப்பகத்து ஆயா கத்தினார். "அடியே தவமணி, உன் மவ பாலுக்கு அழுவுறா, ஓடியா!"

ஈரக் கையைச் சேலையில் துடைத்தேன். "சார், இன்னும் ஒண்ணு இருக்கு. வேலைக்குச் சேரும்போது நான் எட்டாவதுன்னு சொன்னது பொய். படிச்சது அஞ்சாவதுதான்."