ஒழுகாத வீடு

“இப்ப ஊசி போட்டுக்கறவங்க ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல மேடம். நீங்க சரின்னு சொன்னா திங்கட்கிழமையே அடுத்த சுற்று ஆரம்பிச்சிடலாம்.”

டாக்டர் ஹபீபா கை கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடவில்லை.

“ஒண்ணுமே இல்லையா சார்?”

“இல்ல மேடம்.”

“ஒரு தலைவலி?”

“இல்ல.”

“தொண்டைக்குக் கீழே கட்டி. எச்சில்கூட இறங்காது. வயித்துல குழாய். ஆனா ஒரு தலைவலிகூட இல்ல.”

சவரிராயன் கையிலிருந்த குறிப்புகளை மறுபடி புரட்டினார்.

அவர் ஹபீபாவைவிட வயதில் மூத்தவர். பெயரெடுத்த அறுவை மருத்துவர். கை நடுங்க ஆரம்பித்ததும் கத்தியை வைத்துவிட்டு, புது மருந்துகளைச் சோதிக்கும் வேலையைக் கற்றுக்கொள்ள ஹபீபாவிடம் வந்து சேர்ந்திருந்தார்.

இப்போது சோதனையில் இருப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கான தடுப்பூசி. நோய் வராமல் தடுப்பதற்கானது அல்ல. வந்துவிட்ட நோயோடு உடம்பே சண்டை போடப் பழகுவதற்கானது. நோய் குறைகிறதா என்று இந்தச் சுற்றில் யாரும் பார்க்கவில்லை. ஊசி கெடுதல் செய்யாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள்.

வந்த நாளிலிருந்து சவரிராயனுக்கு அது பிடிபடவில்லை. நோயாளிகள் மெலிந்துகொண்டே போனார்கள். அவர் காய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒவ்வொருத்தரையும் நானே கேட்டேன் மேடம். நல்லா இருக்கேன்னு சொல்றாங்க. அதுக்கு மேல என்ன கேக்கறது? சொல்லுங்க, கேக்கறேன்.”

ஹபீபா குழாயை மூடினார். துண்டில் கையைத் துடைத்தார்.

“சாப்பிட்டீங்களா சார்?”

“ஆச்சு மேடம்.”

ஜன்னல் மேடையில் சவரிராயனின் டிபன் கேரியர் இருந்தது. ஹபீபா போய் அதைத் தூக்கினார். சிறிது நேரம் அப்படியே பிடித்திருந்தார். பிறகு கொண்டுவந்து அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

கேரியர் கனத்தது.

அதோடு என்ன செய்வதென்று தெரியாமல் சவரிராயன் நடையில் நடந்தார். கால் வழக்கம்போலப் பரிசோதனை அறைக்கே கொண்டுபோய் விட்டது.

கட்டிலில் கோதண்டம் உட்கார்ந்திருந்தார். பெரம்பூரில் வீட்டுத் தரகர். ஊசி போட்டுக்கொண்டவர்களில் வாய் ஓயாதவர் அவர்தான். குரல் கம்மி, காற்றாக வந்தது. உமிழ்வதற்கு ஒரு கோப்பையைக் கையில் வைத்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி பவளம், மடியில் பையோடு.

“வாங்க டாக்டர். இன்னா, கேரியரோட? வீட்ல தொரத்திட்டாங்களா?”

நல்லா இருக்கீங்களா என்ற கேள்வி சவரிராயனின் நாக்கு நுனிவரை வந்தது. அதைக் கேட்காமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நான் இன்னும் சாப்பிடல.”

“மணி இன்னா ஆவுது!”

“நேத்தும் சாப்பிடல. உங்களையெல்லாம் பாத்துட்டுப் போனா இறங்க மாட்டேங்குது. சாயங்காலம் கொட்டிட்டுப் போறேன். சம்சாரம் கேட்டா சாப்பிட்டேன்னு சொல்றேன். இப்ப மேடம் கேட்டாங்க. அவங்ககிட்டயும் அதையே சொன்னேன்.”

கோதண்டம் சிரித்தார். சிரிப்பு இருமலானது. பவளம் கோப்பையைத் தாங்கிப் பிடித்தாள்.

“உங்களுக்குப் பொய் சொல்லத் தெரியல டாக்டர். கொட்டறதுன்னா மேடம் பாக்கறதுக்கு முன்னாடி கொட்டணும். ரெண்டு பருக்கை ஒட்டியிருக்கணும். அப்பதான் நம்புவாங்க.”

“நீங்க நல்லாச் சொல்வீங்களோ?”

“அதானே என் தொழிலு? எங்க ஏரியாவுல ஒரு வீடு. மழைன்னா நடுக்கூடத்துல குடம் வெக்கணும். எத்தினி குடும்பத்துக்கு அதை வாடகைக்கு வுட்டிருக்கேன் தெரியுமா? வெயில் காலத்துலதான் காட்டுவேன். ஒழுகுமான்னு கேட்டா, நீங்களே மேல பாத்துக்கங்கம்பேன். பாப்பாங்க. காஞ்சு கெடக்கும்.”

“குடி வந்த பிறகு?”

“மழை வந்தா தெரிஞ்சிட்டுப் போறாங்க.”

பவளம்கூடச் சிரித்தாள்.

சவரிராயன் கேரியரைத் தரையில் வைத்தார்.

“திங்கட்கிழமை புதுசா மூணு பேருக்கு ஊசி போடறோம். உங்களுக்குப் போட்டதைவிட ரெண்டு மடங்கு.”

“எதுக்கு அவ்ளோ?”

“உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே.”

கோதண்டத்தின் சிரிப்பு நின்றது.

“ஆமா, இவருக்கு ஒண்ணுமில்ல” என்றாள் பவளம், அவசரமாக. “ஜொரம் பாத்தீங்க இல்ல? இல்லன்னுதான சொன்னீங்க?”

“இல்லம்மா. ஜொரம் இல்ல.”

“அப்புறம் என்ன?”

சவரிராயன் கோதண்டத்தையே பார்த்தார். அவளுக்குப் பொறுக்கவில்லை.

“எங்களோட ஊசி போட்டுக்கிட்டிருந்த அந்தத் திண்டிவனத்துக்காரர் குளிருதுன்னு வாயைத் தொறந்து சொன்னார். இனிமே ஊசி வேணாம்னுட்டீங்க. பையைத் தூக்கிக்கிட்டு அவர் பஸ் ஏறினதை நாங்க பாத்தோம் டாக்டர்.”

“ஆமா.”

“இவரையும் அனுப்புவீங்களா?”

“அனுப்பலாம். அனுப்பாமயும் இருக்கலாம். எனக்குத் தெரியலம்மா.”

“இந்த ஊசியில இவர் பொழச்சுக்குவாரா? அதையாவது சொல்லுங்க.”

“அதுவும் தெரியாது.”

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கோதண்டம் தலையை அண்ணாந்து கூரையைப் பார்த்தார். சமீபத்தில் வெள்ளையடித்த கூரை. ஒரு கறையும் இல்லை.

“ஒழுகுது டாக்டர்.”

“என்னங்க!”

“சும்மா இரு பவளம்.” அவர் கண்ணைக் கூரையிலிருந்து எடுக்கவில்லை. “ஊசி போட்டுக்கினு வீட்டுக்குப் போனா ராத்திரி குளிர் தூக்கிப் போடுது. கம்பளி பத்தல. இவ என்னைக் கட்டிப் புடிச்சிக்கினு படுத்தாதான் பல்லு ஆடறது நிக்குது. மூச்சும் ஒரு மாதிரி இழுக்குது.”

“எல்லா ஊசிக்குமா?”

“ஒவ்வொண்ணுக்கும் கூடுது.”

“இங்க வர்றப்ப?”

“இங்க வர்றப்ப இருக்காது.”

“ஏன் இருக்காது?”

கோதண்டம் கோப்பையில் உமிழ்ந்தார். மனைவியைப் பார்க்கவில்லை.

பவளம் வெகுநேரம் பையின் வாயை இறுக்கிப் பிடித்திருந்தாள். பிறகு திறந்தாள். காய்ச்சல் மாத்திரை அட்டை ஒன்றை எடுத்துக் கட்டில் மேல் வைத்தாள். முக்கால்வாசி குழிகள் காலி. கூடவே, வயிற்றுக் குழாயில் கஞ்சி ஊற்றும் பெரிய சிரிஞ்ச். அதன் வாயில் வெள்ளைப் பொடி காய்ந்து ஒட்டியிருந்தது.

“நுணுக்கிக் கரைச்சு ஊத்திட்டுத்தான் கூட்டிட்டு வருவேன்” என்றாள். “நீங்க தொட்டுப் பாக்கறப்ப சுடக்கூடாதுன்னு.”

சவரிராயன் அட்டையைக் கையில் எடுத்தார். காலிக் குழிகளை விரலால் தடவினார். எண்ணவில்லை. திங்கட்கிழமைக்காக வெளியூரிலிருந்து இந்நேரம் கிளம்பியிருக்கக்கூடிய மூன்று பேர் நினைவுக்கு வந்தார்கள்.

பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“முதல் ஊசியிலிருந்து சொல்லுங்க. குளிர் எப்ப ஆரம்பிக்குது?”

கோதண்டம் சொல்லத் தொடங்கினார். வாடகைக்கு வந்தவருக்கு வீட்டை அறை அறையாகக் காட்டுவதுபோல, நிதானமாக. மூச்சு வாங்கியபோது நிறுத்திக்கொண்டார். சவரிராயன் காத்திருந்தார். மறுபடி சொன்னார்.

பவளம் குனிந்து டிபன் கேரியரை எடுத்தாள். கொக்கியை நெம்பித் திறந்தாள். எலுமிச்சைச் சோறு இருந்த அடுக்கை மட்டும் பிரித்து, எழுதிக்கொண்டிருந்தவரின் பக்கத்தில் வைத்தாள்.

கேரியரில் இருந்த ஸ்பூனை முந்தானையால் துடைத்து, அதன் மேல் வைத்தாள்.