முடிச்சாச்சு சார்

அந்த இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் புதிதாக வந்த ஜெனரல் மேனேஜர் வைத்தீஸ்வரனுக்கு எல்லாரிடமும் நேர்மை வேண்டும், தன்னைத் தவிர. வந்த மறுவாரம் ஒரு காலையில் கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைந்து, மெயின்ஃபிரேம் என்ற அந்தப் பெரிய கம்ப்யூட்டர் எப்படி வேலை செய்கிறது என்று ஆபரேட்டர் அமலோற்பவத்தை விசாரித்தார்.

"கிளைகள்லேர்ந்து வர்ற கணக்கை முதல்ல கேச் மெமரிங்கிற தற்காலிக இடத்துல வாங்கி வெச்சுக்கிட்டு, 'எழுதியாச்சு'ன்னு பதில் சொல்லிடும் சார். அப்புறம் சாவகாசமா டிஸ்க்குல எழுதும். அதனாலதான் இந்த வேகம்."

"எழுதாமலே எழுதியாச்சுன்னா அதுக்குப் பேர் பொய். அந்தக் கேச்சை நிறுத்து. வேகமும் குறையக் கூடாது. குறைஞ்சா நீ வீட்டுக்குப் போயிடலாம்."

அமலோற்பவம் நிறுத்தினாள். மதியத்துக்குள் எல்லாக் கிளைகளிலும் கம்ப்யூட்டர் ஆமையாய் நகர, வரிசை தெருவுக்கு வந்துவிட்டது. சேர்மனே காரெடுத்துக்கொண்டு வந்தார்.

"எல்லாத்துக்கும் இவதான் சார் காரணம்" என்றார் வைத்தீஸ்வரன்.

"அது இருக்கட்டும். போன வாரம் நான் கேட்ட ரிப்போர்ட் என்ன ஆச்சு?"

"முடிச்சாச்சு சார்."

"கொடுங்க, பார்ப்போம்."

வைத்தீஸ்வரன் டையைச் சரிசெய்தார். மறுபடியும் சரிசெய்தார். ரிப்போர்ட்டுக்கு அவர் இன்னும் தலைப்புகூட வைக்கவில்லை.

"கேச்ல இருக்கு சார்" என்றாள் அமலோற்பவம். "இன்னும் டிஸ்க்குக்கு வரலை. மெஷின் இப்படிச் சொன்னதுக்குத்தான் காலையில சார் நிறுத்தச் சொன்னார்."

சேர்மன் மீசைக்குள் சிரித்துக்கொண்டு, கேச்சைத் திரும்பப் போடச் சொன்னார். "ஏம்மா, அந்த மெஷினை நம்பலாமா?"

"தாராளமா நம்பலாம் சார். கரண்ட் போனாலும் பேட்டரியில ஓடி, சொன்னதை எழுதி முடிச்சிடும். சாருக்கு பேட்டரி இருக்கான்னுதான் எனக்குத் தெரியலை."