சினை மீனுக்கு விட்ட வழி

அநியாயம் நடந்தது செங்கால்குளத்து வலைக்காரர்களுக்கு. செய்தது, அவர்கள் கும்பிட்டுக்கொண்டிருந்த கை.

அந்தக் கைக்குரிய குருவின் முன்னால் வந்து நின்றாள் உலகம்மை. மடத்துச் சிஷ்யைதான்; பிறந்தது வலைக்காரர் தெருவில். வணங்கவில்லை, உட்காரவில்லை. மற்றச் சிஷ்யர்கள் அதற்கே முகம் சுளித்தார்கள்.

கொண்டுவந்த கெளுத்தியைத் தரையில் போட்டாள். முழங்கை நீளம். வயிறு கொள்ளாத சினை.

“மடத்துக்குள்ள மீனா!” என்று பதறினார் மூத்த சிஷ்யர்.

“குளத்துக்குள்ள விட்டப்போ பதறலியே, அண்ணாச்சி?”

குரு மீனைப் பார்த்தார்.

“சாமி, நீங்க விட்ட கலப்புக் கெளுத்தி இது. விட்டு முடிச்சுட்டு, கரையில நின்னு என்ன சொன்னீங்க? ‘இனி பெரிய மீனாப் பிடிச்சுப் பசியாறுங்க. இது மலடு, பெருகாது, உங்க மீனுக்கு ஒண்ணும் ஆகாது.’ அத்தனை பேரும் கும்பிட்டாங்க.”

குரு கமண்டலத்தைச் சாய்த்து உள்ளங்கையில் நீர் வார்த்தார். அது விரலிடுக்கு வழியே ஒழுகியது.

“ஆகா!” என்றார்கள் சிஷ்யர்கள்.

“என்ன ஆகா? தண்ணி ஒழுகும்னு தவழுற பிள்ளைக்குக்கூடத் தெரியும்.”

அவள் குருவையே பார்த்துப் பேசினாள்.

“புதுவெள்ளத்துல மீன் ஓடையேறி முட்டையிடப் போகும்போது எங்க தெருவுல யாரும் வலை எடுக்க மாட்டாங்க. சினை மீனைத் தொட்டா பெத்த வயித்தைத் தொட்ட மாதிரி. மழை பேஞ்சுச்சு. கெளுத்தி ஏறிச்சு. கலப்பு மீன்தான் மலடாச்சே? அப்ப சினையோட ஏறுறதெல்லாம் நம்ம நாட்டுக் கெளுத்தின்னு நம்பினாங்க. ‘இந்த வருசம் எப்படிக் கொழுத்திருக்கு பாரு’ன்னு எங்கம்மா குலவை போட்டா. நாய் நரி வாய் வைக்காம ஓடைக்குக் காவல் வேற.”

“இப்ப?” என்றார் மூத்தவர், குரல் இறங்கி.

“இப்ப வலையில இதுதான் விழுது. அயிரை இல்ல, உளுவை இல்ல. எல்லாத்தையும் குஞ்சுலேயே இது தின்னு தீர்த்துடுச்சு. நாட்டுக் கெளுத்தி இதோட கூடிக் கலந்து, அதுவும் அதுவா இல்ல.”

“பெரிய மீன் கிடைக்குதில்லையா, தாயி?” என்றார் மூத்தவர்.

“கிடைக்குது. இனி இது எதைத் தின்னு பெருக்கும்? இப்பவே வர்றதுல பாதி, தலை மட்டும்தான் பெருசு.”

குரு கண்களை மூடினார்.

“மூடாதீங்க சாமி. மலடுன்னு உங்களுக்கு யார் சொன்னா?”

“குஞ்சு கொண்டுவந்தவன்.”

“நம்பிட்டீங்க.”

“நம்பினேன்.”

“சரி. உங்களையும் ஏமாத்திட்டான்னே வச்சுக்குவோம். அந்தத் தண்ணியிலேயே பிறந்து வளர்ந்தவங்க கூப்பிடு தூரத்துல இருந்தாங்க. ‘விடட்டுமா’ன்னு அவங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

குரு ஒற்றை விரலை உயர்த்தினார்.

சிஷ்யர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

“விரலை இறக்குங்க. வாயால சொல்லுங்க.”

மீனில் ஈ மொய்க்கத் தொடங்கியது.

விரல் மெல்ல இறங்கியது.

“கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பாங்க,” என்றார் குரு. “அதான் கேக்கல.”